மாரிகுப்பம் வண்டியில் கழுதை ஆட்டம்

கோயில், அருவி, மலை என்று சுற்றி எழுதுகிற இந்தப் பக்கத்தில், தம்பி வீட்டுக்குப் போய் வந்ததையும் எழுதலாமா என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். கே.ஜி.எஃப் என்கிற கோலார் தங்கவயலுக்கு எப்படிப் போவது, பார்க்க என்ன இருக்கிறது என்று மூன்று வாசகர்கள் கேட்டுவிட்டார்கள். அதனால் எழுதிவிடுகிறேன். நேரம், கட்டணம், தூரம் எல்லாம் வழக்கம்போல இருக்கும். ஆனால் நடுவில் எங்கள் குடும்பக் கதை ஒன்றும் வரும். அது வேண்டாதவர்கள் தாண்டிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். சம்பந்தப்பட்ட இரண்டு பேரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னார்கள், மாற்றிவிட்டேன்.

நான் காட்பாடியில் இருக்கிறேன். என் தம்பி சேகர் கே.ஜி.எஃப்பில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டவன். அவன் மனைவி வசந்தா மாரிகுப்பத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சேகருக்கும் வசந்தாவுக்கும் திவ்யா என்று ஒரு மகள். சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊர் ஆட்களில் பாதிப்பேருக்கு என்ன ஆனதோ அதுதான் சேகருக்கும் ஆனது. பெங்களூரில் வேலை, தினமும் ரயில். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வீடு. பத்தொன்பது வருடமாக இதுதான்.

போன பிப்ரவரியில் வசந்தா போன் செய்தாள். "அண்ணி, பெங்களூர் கே.ஆர்.புரத்துல ஒரு வீடு பாத்து வெச்சிருக்கேன். அவரு கம்பெனியிலேருந்து கால் மணி நேரம். திவ்யாவும் மைசூர் ஹாஸ்டலுக்குப் போயிட்டா. இனிமே நாங்க இங்க இருந்து இன்னா பண்ணப் போறோம்? ஆனா அவரு வாயத் தொறக்க மாட்டேன்றாரு. மூணு வாரமா 'பாக்கலாம்'ன்ற ஒரே வார்த்தை. வீட்டுக்காரரு சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க, இல்லேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்ட்டாரு. நீங்க ஒருவாட்டி வந்து சொல்லுங்க அண்ணி. நீங்க சொன்னா கேப்பாரு."

யாருக்காவது புத்தி சொல்ல வேண்டும் என்றால் எனக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை. என் கணவரைக் கேட்டால் இதைவிடக் கடுமையாகச் சொல்வார். வியாழக்கிழமையே பையைக் கட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை 9.20க்குக் காட்பாடியில் ஏறினேன். இரண்டாம் வகுப்பு இருக்கை, முன்பதிவோடு தொண்ணூறு ரூபாய். ஜோலார்பேட்டை தாண்டியதும் வண்டி மலை ஏறுகிறது, இடது பக்க சன்னல் கிடைத்தால் விடாதீர்கள். நான் சன்னலைப் பார்க்கவில்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, சேகர் ஏன் பெங்களூருக்கு மாற வேண்டும் என்பதற்குக் காரணங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் ஐந்து மணி நேரம் மிச்சம். நாற்பத்தெட்டு வயதில் உடம்பு தாங்காது. தூக்கம். மகள் படிப்பு முடித்து வேலைக்கு வந்தால் அங்கேதான் வருவாள். ஐந்தாவது என்ன எழுதினேன் என்று இப்போது ஞாபகமில்லை, ஏதோ ஒன்று ஐந்தாக வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

பங்காருப்பேட்டையில் 11.45க்கு இறங்கினேன். அங்கிருந்து மாரிகுப்பத்துக்குக் கிளைப் பாதை, பதினாறு கிலோமீட்டர், பத்து ரூபாய் டிக்கெட். வண்டி 12.35க்கு. அந்த ஐம்பது நிமிடத்தில் ஸ்டேஷன் வாசலில் இட்லி சாப்பிட்டுவிடலாம். கோரமண்டல், சாம்பியன் என்று ஸ்டேஷன் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் முக்கால் மணி நேரத்தில் மாரிகுப்பம். அதற்குமேல் தண்டவாளம் கிடையாது.

ஸ்டேஷனிலிருந்து தம்பி வீடு ஒன்றரை கிலோமீட்டர். ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய். வீட்டு நம்பரைச் சொன்னேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"நம்பரு சொன்னா யாருக்குங்க தெரியும்? ஆளு பேர சொல்லுங்க."

"சேகர். பெங்களூர் கம்பெனிக்குப் போறவர்."

"இங்க எல்லாருந்தான் பெங்களூர் போறாங்க. எந்த சேகரு? வண்டில சீட்டாடுவாரே, அந்த சேகரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் சீட்டு என்ற வார்த்தையைச் சொன்னாலே அப்பா செருப்பைத் தேடுவார். இந்த வயதில் தம்பிக்கு இப்படி ஒரு பெயரா? வீட்டுக்குள் நுழைந்ததும் வசந்தாவிடம் முதலில் கேட்டது இதைத்தான்.

அவள் சிரித்துவிட்டாள். "அய்ய, காசு வெச்சு இல்ல அண்ணி. சும்மா கழுதை ஆட்டம். ரெண்டு மூணு பேரு சேந்து வண்டில ஆடுவாங்களாம்."

"நீ பாத்திருக்கியா?"

"நான் எங்க பாக்கிறது? அந்த வண்டில நான் ஏறினதேயில்ல. பெங்களூர் போவணும்னா வேலையெல்லாம் முடிச்சு பத்து மணி வண்டிக்குதான் போவேன்."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதே ஆட்டோவில் ஊரைச் சுற்றினோம். மூன்று மணி நேரத்துக்கு ஐந்நூறு ரூபாய் பேசிக்கொண்டோம். மாரிகுப்பத்திலிருந்து சாம்பியன், அங்கிருந்து நந்திதுர்க். சுரங்க வாயின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களை வெளியிலிருந்து பார்க்கலாம், உள்ளே விடமாட்டார்கள். காவலாளியிடம் கெஞ்ச வேண்டாம், அவர் வேலை போய்விடும். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண், சாம்பல் வெள்ளையில் மேடு மேடாக நிற்கிறது. சயனைட் மேடு என்கிறார்கள். காற்றடிக்கிற நாளில் பக்கத்தில் போகாதீர்கள், கண் எரிகிறது. ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் மசால் தோசை அறுபது ரூபாய், நன்றாக இருந்தது.

தோசைக்குக் காத்திருந்தபோது வசந்தா தானாகப் பேசினாள். "திவ்யா இருந்த வரைக்கும் தெரியல அண்ணி. அவ போனப்புறம் சாயங்காலம் ஆனா கதவையே பாத்துக்கினு உக்காந்திருக்கேன். வர்றாரு, சாப்பிடறாரு, படுத்துக்கிறாரு. ஞாயித்துக்கிழமை பகல் பூரா தூக்கம். அவரு மேல தப்பு சொல்லல. ஒடம்பு அப்படி ஓடுது. எனக்கு பெங்களூர் மேல ஆசையெல்லாம் இல்ல. சாயங்காலம் அவரு வீட்ல இருக்கணும், அவ்ளோதான்."

சேகர் அன்றிரவு வழக்கமான நேரத்துக்கு வந்தான். முதல் காரணத்தை ஆரம்பித்தேன். "பாக்கலாம்க்கா" என்றான். நான்கு சப்பாத்தி சாப்பிட்டான். இரண்டாவது காரணத்துக்குப் போவதற்குள் குறட்டைச் சத்தம் வந்தது. வசந்தா என்னைப் பார்த்தாள், நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

சனிக்கிழமை அவன் அரை நாள் விடுப்பு போட்டிருந்தான். மூன்று பேரும் போய் வீட்டைப் பார்த்துவிட்டு, அங்கேயே முடிவு சொல்வதாக ஏற்பாடு. அவன் வழக்கமாகப் போகிற வண்டியிலேயே கிளம்பினோம். மாரிகுப்பத்தில் காலை 5.55. கே.ஆர்.புரத்துக்கு இருபது ரூபாய் டிக்கெட், சேகரிடம் சீசன் டிக்கெட் இருக்கிறது. புறப்படுகிற இடம் என்பதால் இங்கே உட்கார இடம் கிடைக்கும். பங்காருப்பேட்டைக்குப் பிறகு நிற்கவே இடமில்லை.

மூன்றாவது பெட்டி, எதிரெதிராக இரண்டு பலகை. சன்னலோரம் ஒருவர் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். முனிரத்தினம், பெங்களூர் அடுக்குமாடிகளில் லிஃப்ட் மெக்கானிக், ஐம்பத்தைந்து வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அக்கா, வாம்மா" என்று இரண்டு பேருக்கும் இடம் விட்டார். கோரமண்டலில் லூர்து ஏறினார். அவர் ஒரு துணிக் கம்பெனியில் கட்டிங் பிரிவு. மெலிந்த ஆள், கையில் மூன்றடுக்கு டிபன் பாக்ஸ். ஏறினவுடன் அதைத் தொடைமேல் வைத்தார், அதுதான் மேசை. சேகர் சட்டைப் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தான்.

அவ்வளவு சின்னச் சீட்டுக்கட்டை நான் பார்த்ததில்லை. தீப்பெட்டி அளவு. பெரிய சீட்டாக இருந்தால் கூட்டத்தில் விசிறிப் பிடிக்க முடியாது, பக்கத்து ஆள் கண்ணில் படும் என்றார் முனிரத்தினம். கழுதை ஆட்டம் நம்மில் பலருக்குத் தெரியும். எல்லாச் சீட்டையும் பங்கிட்டுவிட வேண்டும். ஒருவர் கிளாவரோ ஸ்பேடோ எந்த இனம் போட்டாரோ, அதையே மற்றவர்களும் போட வேண்டும். அந்த இனம் கையில் இல்லாதவர் வேறு சீட்டால் வெட்டினால், அந்த இனத்தில் பெரிய சீட்டு போட்டவர் கிடப்பது எல்லாவற்றையும் பொறுக்கிக்கொள்ள வேண்டும். கை காலியானவர்கள் தப்பித்தார்கள், கடைசியில் சீட்டோடு நிற்பவர் கழுதை. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு ஆட்டம் முடிந்துவிடும்.

இவர்கள் கழுதை என்று சொல்வதில்லை. கை காலியானால் "நான் மேல வந்துட்டேன்" என்கிறார்கள். கடைசி ஆள் "கீழ" மாட்டிக்கொண்டவர். சேகரைத் தவிர மற்றவர்கள் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இல்லையா, பேச்சில் கேஜும் ஷாஃப்டும் இன்னும் இருக்கிறது. ஷாஃப்ட் என்பது சுரங்கக் குழி, கேஜ் என்பது அதில் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கூண்டு. கீழே இருப்பவர் மணி அடித்தால்தான் மேலே இருப்பவர் அதைத் தூக்குவார். இந்த ஆட்டத்திலும் ஒரு பெல் உண்டு. கீழே மாட்டினவர் டிபன் பாக்ஸ் மூடியில் மூன்று தட்டு தட்டி, மனதில் இருக்கிற ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். பொய் கூடாது. அடுத்த ஸ்டேஷன் வரும்வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

"ஏன் திறக்கக் கூடாது?" என்றேன்.

"பெல்லு அடிச்சா மேல இருக்கிறவன் கேக்கணும்க்கா. அவனும் கூட அடிச்சான்னா கேஜு எப்படி நவுரும்?" என்றார் முனிரத்தினம்.

முதல் ஆட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். வசந்தா சன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். நான் மூன்றாவதாக மேலே வந்தேன், லூர்து மாட்டிக்கொண்டார். பங்காருப்பேட்டை தாண்டியதும் மூடியில் தட்டினார். "புதுசா ஒரு சூப்பர்வைசர் வந்திருக்கான். என் புள்ள வயசு. எல்லார் முன்னாடியும் 'ஏய் லூர்து'ன்னு கூப்பிடறான். கத்திரிய வெச்சுட்டு வந்துடலாம்னு தோணுது."

"இதுக்கெல்லாம் எழுத்துல புகார் குடுக்கணும், நீங்க முதல்ல..." என்று நான் ஆரம்பித்துவிட்டேன். என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை. முனிரத்தினம் உதட்டில் விரலை வைத்தார். லூர்து தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு முகம் சுட்டது. தியாகல் ஸ்டேஷன் வந்து வண்டி நின்ற பிறகு முனிரத்தினம் சிரித்துக்கொண்டே சொன்னார், "அக்காவுக்கு அடுத்த ரெண்டு ஆட்டம் கெடையாது." அதற்குப் பிறகு லூர்துவிடம் திரும்பி, தானும் அப்படி ஒரு பையனிடம் வேலை பார்த்ததைச் சொன்னார். எந்த யோசனையும் சொல்லவில்லை. லூர்து சிரித்தார். சேகர் ஏதோ கிண்டல் செய்தான், மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வசந்தா சன்னலை விட்டுவிட்டுத் திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆட்டம் மூன்று ஆண்களுக்கு மட்டும். நான் சேகர் பக்கத்தில் இருந்ததால் அவன் கை எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் தம்பிக்கு ஞாபகசக்தி அதிகம். சின்ன வயதில் பல்லாங்குழியில்கூட அவனை நான் ஜெயித்ததில்லை. யார் எந்த இனத்தை வெட்டினார்கள் என்பது கடைசிவரை அவன் தலையில் நிற்கும். முனிரத்தினத்திடம் கிளாவர் தீர்ந்துவிட்டது, ஒரு முறை வெட்டிவிட்டார். லூர்து கையில் வேறு எதுவும் இல்லையோ என்னவோ, கிளாவர் ஏழைப் போட்டார். சேகர் கையில் நாலும் இருந்தது, ராஜாவும் இருந்தது. நாலைப் போட்டால் தப்பித்துவிடலாம், லூர்துதான் பொறுக்க வேண்டும். அவன் விரல் நாலின்மேல் போனது. அங்கேயே நின்றது. பிறகு ராஜாவை எடுத்துப் போட்டான்.

முனிரத்தினம் வெட்டினார். சேகர் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டான். "இன்னாடா சேகரு, தூக்கமா?" என்றார் லூர்து. அடுத்த சுற்றிலும் அதையே செய்தான். சீட்டு தெரிந்த யாரும் அப்படி ஆட மாட்டார்கள். இவன் வேண்டுமென்றே கீழே இறங்கிக்கொண்டிருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. என்ன சொல்லப் போகிறான்?

மாலூர் தாண்டியதும் மூடியில் மூன்று தட்டு தட்டினான். யாரையும் பார்க்கவில்லை, கையில் மிச்சமிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"வீடு மாத்தினா அஞ்சு மணி நேரம் மிச்சம். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. அந்த அஞ்சு மணி நேரத்த வெச்சுக்கினு நான் இன்னா பண்றது? பத்தொம்போது வருஷமா நான் பேசறது, சிரிக்கிறது, சண்டை போடறது எல்லாம் இந்த வண்டிலதான் கீது. வூட்டுக்குப் போனா சாப்பிடறேன், தூங்கறேன். ஆறு மணிக்கே வூட்ல போய் உக்காந்தா வசந்தாகிட்ட இன்னா பேசறதுன்னு எனக்குத் தெரியல. பயமா கீது. அந்த வீடு புடிக்காம இல்ல. அதான் பாக்கலாம் பாக்கலாம்னு தள்ளிக்கினே வந்தேன்."

அடுத்த ஸ்டேஷன் தேவனகொந்தி. பதிமூன்று நிமிடம். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. மடியில் இருந்த பையில் நோட்டு இருந்தது. நான் எழுதிய ஐந்து காரணத்தில் இது எதற்குமே பதில் இல்லை. முதல் காரணமே அவனுக்குப் பயம் தருவதாக இருந்திருக்கிறது. அதைத்தான் முந்தின நாள் சப்பாத்தியோடு சேர்த்து அவன் தட்டில் போட்டிருக்கிறேன். ரூல் மட்டும் இல்லாவிட்டால் நான் அந்த நிமிடமே, "பொண்டாட்டிகிட்ட பேச என்னடா பயம்" என்று கத்தியிருப்பேன். அவன் உடனே "சும்மா சொன்னேன்க்கா" என்று மூடிக்கொண்டிருப்பான். எனக்கு அது நன்றாகத் தெரியும், அக்கா தம்பியாக நாற்பத்தெட்டு வருடம் இப்படித்தான் பேசியிருக்கிறோம்.

வசந்தா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலகிரித் தோப்பு, செங்கல் சூளை, மறுபடி நீலகிரித் தோப்பு. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள்கூட செல்போனைக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். தேவனகொந்தியில் வண்டி நின்றது. எல்லாரும் பேசலாம். முனிரத்தினம் சீட்டைச் சேர்த்துக் கலைக்க ஆரம்பித்தார்.

வண்டி கிளம்பியதும் வசந்தா திரும்பினாள். "முனிரத்தினம் அண்ணா, எனக்கும் போடுங்க" என்றாள்.

சேகர் நிமிர்ந்து பார்த்தான். "உனக்கு ஆடத் தெரியுமா?"

"இந்த ஊர்ல பொறந்துட்டு இது தெரியாம இருப்பாங்களா? நீங்க கேட்டதில்ல."

நான்கு பேருக்கும் சீட்டு போட்டார்கள். வேகமாக ஆடினாள். வைட்ஃபீல்டு நெருங்கும்போது அவள் கையில்தான் சீட்டு நின்றது. வேண்டுமென்றே மாட்டினாளா, நிஜமாகவே மாட்டினாளா என்று எனக்குத் தெரியாது, அவள் கையை நான் பார்க்கவில்லை. வைட்ஃபீல்டில் பாதிக் கூட்டம் இறங்கியது. வண்டி நகர்ந்ததும் லூர்துவின் டிபன் பாக்ஸை இழுத்து வைத்துக்கொண்டு மூன்று தட்டு தட்டினாள்.

"அவரு சிரிச்சு எனக்கு ஞாபகமேயில்ல. இன்னிக்குப் பாத்தேன். உங்ககிட்ட எல்லாம் சிரிக்கிறாரு. கோவமா வந்துச்சு. இத்தனை வருஷமா இது இங்கதான் செலவாயிருக்குதுன்னு." அழுதுவிடுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "எனக்கும் அவருகிட்ட இன்னா பேசறதுன்னு தெரியாது. பேசணும்னு நான் கேக்கல. ஒரு வருஷம் சாயங்காலத்துல வீட்ல இருக்கட்டும். சரிப்படலேன்னா திரும்பி வந்து இதே வண்டில ஆடிக்கினு போவட்டும். நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்."

அடுத்தது கே.ஆர்.புரம், நாங்கள் இறங்க வேண்டிய இடம். பத்து நிமிடம். முனிரத்தினம் சீட்டுகளை ஒழுங்காக அடுக்கி ஐம்பத்திரண்டும் இருக்கிறதா என்று எண்ணி, கட்டைச் சேகரின் சட்டைப் பையில் வைத்தார். லூர்து கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி என்று சைகை காட்டினார். 7.52க்கு வண்டி நின்றது. இறங்கிவிட்டோம்.

நடைமேடையில் சேகர் எங்களுக்கு நான்கடி முன்னால் போய் நின்றான். செல்போனை எடுத்தான். வீட்டுக்காரருக்கு என்று புரிந்தது, கன்னடத்தில் பேசினான். வந்துகொண்டிருக்கிறோம் என்றான். அந்தப் பக்கம் எத்தனை பேர் குடிவருகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். "எரடு ஜன சார். நானு, நன்ன ஹெண்டதி" என்றான். இரண்டு பேர், நானும் என் மனைவியும். அவ்வளவு கன்னடம் எனக்கும் தெரியும். வசந்தாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவள் பையை வாங்கிக்கொண்டேன், அது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த உதவி.

வீடு ஸ்டேஷனிலிருந்து இரண்டரை கிலோமீட்டர், ஆட்டோ எண்பது ரூபாய். முதல் மாடி, ஒரு படுக்கையறை, சமையலறையில் கிழக்குப் பார்த்த சன்னல். வசந்தா குழாயைத் திறந்து பார்த்தாள், அலமாரியைத் திறந்து பார்த்தாள், சரி என்றாள். அன்று மத்தியானமே நான் அங்கிருந்து காட்பாடிக்கு வண்டி ஏறிவிட்டேன். புத்தி சொல்லப் போனவள், புத்தி சொல்லாததால் காரியம் முடிந்து திரும்பினேன். ரயில் முழுக்க இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பெருமைப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. எத்தனை வீட்டில் எத்தனை பேர் பெல் அடிக்கும்போது நானும் சேர்ந்து அடித்திருக்கிறேனோ.

இனி, போகிறவர்களுக்கு. கே.ஜி.எஃப்புக்கு ஒரு முழு நாள் போதும். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வெயில் தாங்கும். கிளைப் பாதையில் வண்டிகள் குறைவு, நான் சொன்ன நேரம் மாறியிருக்கலாம், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியைத் தவறவிட்டால் பங்காருப்பேட்டையிலிருந்து பேருந்தும் இருக்கிறது. இரும்புக் கோபுரங்களைப் பார்க்க ஆட்டோவுக்கு முதலிலேயே பேசிவிடுங்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு எது பேசினாலும் பதில் வரும். சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். காலை வண்டியில் பங்காருப்பேட்டைக்குப் பிறகு இடம் எதிர்பார்க்காதீர்கள். யாராவது சின்னச் சீட்டில் ஆடிக்கொண்டிருந்தால் எட்டிப் பாருங்கள், கூப்பிட்டால் சேர்ந்துகொள்ளுங்கள். காசு வைத்து ஆடுகிறவர்களாக இருந்தால் நகர்ந்துவிடுங்கள், ரயில்வே போலீஸ் வேடிக்கை பார்த்தவர்களையும் சேர்த்துத்தான் இறக்குவார்கள்.

போன வாரம் வசந்தாவுக்குப் போன் செய்தேன். குடிவந்து ஐந்து வாரம் ஆகிறது. "எப்படி இருக்கான்?" என்று கேட்டேன்.

"ஆறு மணிக்கெல்லாம் வந்துடறாரு அண்ணி. மொத ரெண்டு வாரம் கஷ்டமா இருந்துச்சு. ரெண்டு பேரும் டிவியப் பாத்துக்கினு உக்காந்திருந்தோம். அப்புறம் ஒருநாள் அவரே சீட்ட எடுத்தாரு."

"ரெண்டே பேர் எப்படி கழுதை ஆடுவீங்க? நல்லாவா இருக்கும்?"

"எங்க நல்லாருக்கும்? எல்லா சீட்டையும் ரெண்டு பேருக்கே போட்டுட்டா, என் கையில இல்லாததெல்லாம் அவரு கையிலதான் கீது. அவருக்கும் என் கை முழுசாத் தெரியும். ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமேயில்ல அண்ணி. அதனால ஆட்டத்த பாதியில வெச்சுட்டு பேசிக்கினு இருக்கோம்."